இரவு வானில் கண்ணுக்குத் தெரியாத பறவைகள்

2007ஆம் ஆண்டு அக்டோபர் 23 அன்று இரவு, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள செயின்ட் பால் நகரிலிருந்து ஒரு சிறு விமானம் கிளம்பியது. நான்கு இருக்கைகளும் இரண்டு எந்திரங்களும் கொண்ட பைப்பர் செமினோல் ரகப் பயிற்சி விமானம் அது. வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தின் விமானப் பயிற்சிப் பிரிவைச் சேர்ந்தது. உள்ளே இருவர் இருந்தனர். ஒருவர் பயிற்றுநர், மற்றவர் மாணவர். பல்கலைக்கழகம் அமைந்துள்ள கிராண்ட் ஃபோர்க்ஸ் நகருக்கு அவர்கள் போய்ச் சேர வேண்டும். சேரவில்லை. வழியில், பிரவுயர்வில் என்ற சிற்றூருக்கு அருகில் விமானம் விழுந்து நொறுங்கியது. இருவரும் உயிரிழந்தனர்.

விமான விபத்து அறிக்கைகளை வாசிப்பது என் நெடுநாள் பழக்கம். இரவில் ஒரு சிறு விமானம் விழுந்தது என்றால், எரிபொருள் தீர்ந்திருக்கும், எந்திரம் நின்றிருக்கும், அல்லது இருளில் வானமும் தரையும் பிரித்தறிய முடியாமல் விமானி தடுமாறியிருப்பார் என்றுதான் மனம் முதலில் எண்ணும். இந்த விபத்தில் இவை எதுவும் காரணம் அல்ல. சிதைவுகளில் ஒட்டியிருந்த நுண்ணிய உயிர்ப் பொருள், வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் இறகு அடையாள ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்டது. அது கனடா வாத்துக்கு உரியது என்று மரபணு காட்டியது. இரவில் சீராகப் பறந்துகொண்டிருந்த விமானத்தின் மீது வாத்து மோதியதில் வாலின் கிடை இறக்கை இடப்பக்கத்தில் சேதமடைந்து, விமானம் கட்டுக்குள் நிற்காமல் போனது என்று அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவுசெய்தது.

பறவை மோதல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது 2009 ஜனவரியில் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய பயணிகள் விமானம். அதில் இருந்த 155 பேரும் உயிர் பிழைத்தனர். அதுவும் கனடா வாத்துகளின் வேலைதான். ஆனால், அது பட்டப்பகலில் நடந்தது; விமானிகள் பறவைகளைக் கண்ணால் கண்டனர். மின்னசோட்டா விபத்தில் உயிரிழந்த இருவரும் தங்கள் மீது மோதியது என்ன என்பதை அறிந்திருப்பார்களா என்பதே ஐயம். ஹட்சன் சம்பவம் திரைப்படமாயிற்று. மற்றது, பறவை மோதல் பற்றிப் படிப்பவர்களுக்கு அப்பால் எவருக்கும் தெரியாது. எனக்கோ, சிறு விமானங்களின் பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்வது இந்த இரண்டாவது விபத்துதான்.

ஒரு பறவையால் உலோகத்தை எப்படி உடைக்க முடிகிறது? நாலு கிலோ எடையுள்ள ஒரு வாத்தை எடுத்துக்கொள்வோம். விமானம் மணிக்கு 120 நாட் வேகத்தில், அதாவது சுமார் 222 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது; சிறு விமானங்களுக்கு இது சாதாரண வேகம். நொடிக்கு 62 மீட்டர். இந்த வேகத்தில் வாத்து மோதும்போது வெளிப்படும் ஆற்றல், நாலு கிலோ கல் ஒன்று ஏறத்தாழ 195 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பானது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு உயரம். (கோயிலுக்கும் வானூர்திக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருப்பதற்கு நான் பொறுப்பல்ல.) வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். பறவையின் எடையைவிட விமானத்தின் வேகமே பெரிய காரணி என்பது இதனால்தான்.

பெரிய பயணிகள் விமானங்களை வடிவமைப்போர் இந்தக் கணக்கை அறிந்தே கட்டுகிறார்கள். நாலு பவுண்டு, அதாவது 1.8 கிலோ எடையுள்ள பறவை மோதினாலும் விமானம் பத்திரமாகத் தரையிறங்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. வால் பகுதிக்கு மட்டும் இந்த அளவு எட்டுப் பவுண்டு. வாலுக்கு ஏன் இந்தத் தனிச் சலுகை? அதற்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 1962 நவம்பரில் மேரிலாந்து மாநிலத்தின் மீது சுமார் ஆறாயிரம் அடி உயரத்தில் பறந்த வைக்கவுன்ட் ரகப் பயணிகள் விமானத்தின் வாலில் அன்னப்பறவை மோதியது. வாலின் கிடை இறக்கை சிதைந்தது. விமானத்தில் இருந்த 17 பேரும் மாண்டனர். அதன் பின்னர்தான் எட்டுப் பவுண்டு விதி வந்தது.

அந்த விதி பெரிய விமானங்களோடு நின்றுவிட்டது. பத்து முதல் 19 பயணிகள் வரை ஏற்றும் விமானங்களின் முன்கண்ணாடி மட்டும் இரண்டு பவுண்டு பறவையைத் தாங்க வேண்டும். அதுவும் தரையிறங்க நெருங்கும்போதுள்ள குறைந்த வேகத்தில். அதற்கும் சிறிய விமானங்களுக்கு, அதாவது மாணவர்கள் பறக்கக் கற்கும் இரண்டு அல்லது நான்கு இருக்கை விமானங்களுக்கு, இத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. 1962இல் 17 உயிர்களைப் பறித்த அதே வகைச் சேதம், 45 ஆண்டுகளுக்குப் பிறகு இரண்டு பேர் இருந்த பயிற்சி விமானத்தில் திரும்ப நிகழ்ந்தது. இதில் விதியை வகுத்தவர்களை முழுவதும் குறைசொல்லவும் முடியாது. நாலு கிலோ பறவையைத் தாங்கும் கண்ணாடியையும் வாலையும் பொருத்தினால் சிறு விமானம் எடை கூடித் தரையிலிருந்து எழவே திணறும். எனவே, சிறு விமானத்தின் பாதுகாப்பு வேறொரு நம்பிக்கையின்மீது நிறுத்தப்பட்டிருக்கிறது: விமானி பறவையைக் கண்டு விலகிக்கொள்வார் என்ற நம்பிக்கை.

பகலிலேயே இந்த நம்பிக்கை தள்ளாடுகிறது. ஒரு பொருளைக் கண்ணால் கண்டு, அது இன்னதென்று அறிந்து, அது நம் மீது மோத வருகிறது என்று உணர்ந்து, எப்பக்கம் திரும்புவது என்று முடிவெடுத்து, கையை அசைத்து, விமானம் திரும்பத் தொடங்குவதற்கு மொத்தம் 12.5 நொடிகள் ஆகும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்குக் கற்பிக்கிறது. மற்ற விமானங்களை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்ட கணக்கு இது. நொடிக்கு 62 மீட்டர் என்றால், 12.5 நொடிகளில் விமானம் முக்கால் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். பறவையை அவ்வளவு தொலைவிலேயே கண்டாக வேண்டும். தெளிந்த பகலில் முக்கால் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வாத்து, வானில் ஒரு புள்ளி. இரவில் அந்தப் புள்ளியும் இல்லை.

கண்ணின் அமைப்பும் இரவில் நமக்கு எதிராகவே செயல்படுகிறது. விழித்திரையின் நடுமையத்தில் மங்கிய ஒளியை உணரும் செல்கள் இல்லை. அதனால், இருளில் எதை நேராக உற்றுப் பார்க்கிறோமோ அதுவே மறைந்துவிடுகிறது. சற்றுத் தள்ளிப் பார்த்தால்தான் தெரிகிறது. இருளுக்குக் கண் முழுமையாகப் பழக அரை மணி நேரம் ஆகும். அந்தப் பழக்கத்தை ஒரே ஒரு பிரகாசமான வெளிச்சம் கலைத்துவிடும். விமானத்தின் இறங்குவிளக்கு ஒளிவட்டத்துக்குள் பறவை தென்படுவதற்கும் அது கண்ணாடியில் மோதுவதற்கும் இடையே கிடைப்பது ஓரிரு நொடிகள்தாம். பறவைக் கூட்டத்தைக் கண்டால் மேல்நோக்கி ஏறுங்கள், பறவைகள் பொதுவாகக் கீழ்நோக்கியே சிதறும் என்பது விமானிகளுக்குச் சொல்லப்படும் நல்ல அறிவுரை. காண முடிந்தால்தானே ஏற முடியும்?

இரவில் பறவைகள் கூட்டில் உறங்கும், ஆகவே வானம் காலியாக இருக்கும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை நேர்மாறானது. வெப்பக் காற்றின்மீது மிதந்தேறும் கழுகு, பருந்து, நாரை போன்றவற்றுக்கே பகல் தேவை. சூரியன் மறைந்தால் அந்தக் காற்றோட்டமும் அடங்கிவிடும். சிறகடித்தே பறக்கும் வாத்துகள், உள்ளான்கள், உப்புக்கொத்திகள், எண்ணற்ற சிறு பாடும் பறவைகள் ஆகியவை பெரும்பாலும் இரவில்தான் வலசை போகின்றன. இரவுக் காற்று குளிர்ந்தும் அலைக்கழிப்பு இல்லாமலும் இருக்கிறது. நெடுந்தூரம் சிறகடித்தாலும் உடல் சூடேறுவதில்லை. வேட்டைப் பறவைகளின் தொல்லை குறைவு. பகல் முழுவதும் இரைதேடக் கிடைக்கிறது. திசை காட்ட விண்மீன்கள் இருக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் எம்லன் 1960களில் கோளரங்கத்துக்குள் பறவைகளை வைத்து, அவை செயற்கை வானத்தைப் பார்த்தே திசையறிவதை நிறுவினார்.

இந்த இரவுப் போக்குவரத்தின் அளவை மனிதன் அறிந்தது ராடார் வந்த பிறகுதான். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் ராடார் திரைகளில், எந்த விமானத்துக்கும் பொருந்தாத எதிரொலிகள் தோன்றின. இயக்குநர்கள் அவற்றுக்குத் ‘தேவதைகள்’ என்று பெயரிட்டனர். போர்க்காலத்தில் ராடார் பணியில் இருந்த பறவையியலாளர் டேவிட் லாக்கும் அவருடைய சகாவான ஜார்ஜ் வார்லியும் அவை பறவைகளே என்று எடுத்துக்காட்டி, 1945இல் அதை வெளியிட்டனர். இன்று அமெரிக்காவின் வானிலை ராடார்கள் மழைமேகத்தோடு சேர்த்து வலசைப் பறவைகளையும் ஒவ்வோர் இரவும் பதிவுசெய்கின்றன. சூரியன் மறைந்து அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பறவைகள் எழும்புகின்றன. அடுத்த சில மணி நேரத்தில் எண்ணிக்கை உச்சத்தை எட்டுகிறது. விடியலை நோக்கிச் சரிகிறது.

இங்கேதான் இரண்டு கால அட்டவணைகள் ஒன்றின்மீது ஒன்று விழுகின்றன. மாணவர்களின் இரவுப் பயிற்சி எப்போது நடக்கும்? இருட்டிய பின் தொடங்கி நள்ளிரவுக்கு முன் முடியும். பறவைகளின் உச்சநேரமும் அதுவே. பயிற்றுநர் எந்த இரவைத் தேர்ந்தெடுப்பார்? மேகமில்லாத, காற்று சீரான இரவை. இலையுதிர் காலத்தில் குளிர்காற்று வீசி வானம் தெளிந்தவுடன் தெற்கே போகக் காத்திருக்கும் வாத்துகளும் அதே இரவைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. பறப்பதற்கு நல்ல இரவு என்று விமானி சொல்வதும் பறவை முடிவுசெய்வதும் ஒரே இரவாக அமைந்துவிடுகிறது. உயரத்திலும் இதே பொருத்தம். பதிவான பறவை மோதல்களில் 90 சதவீதத்துக்கு மேல் தரையிலிருந்து மூவாயிரம் அடிக்குள் நிகழ்ந்தவை. வலசைக் காலத்தில் வாத்துகள் ஏழாயிரம் அடி வரை காணப்படுகின்றன. சிறு விமானங்கள் வாழும் உயரமும் இதுதான். பெரிய விமானம் இந்த அடுக்கைச் சில நிமிடங்களில் கடந்து மேலேறிவிடும். சிறு விமானமோ பயணம் முழுவதையும் இதற்குள்ளேயே முடிக்கிறது.

விளக்கைப் போட்டால் பறவை விலகாதா என்று கேட்கலாம். விலகலாம். விளக்கு எரியும் மாதிரி விமானங்களைக் கனடா வாத்துகள் முன்கூட்டியே கவனிப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. இறங்குவிளக்கை எரியவிட்டே பறக்கும் பழக்கம் விமானிகளிடம் பரவியிருப்பது நல்லதே. ஆனால், அதை மட்டும் நம்ப முடியாது. வேகமாக வரும் வாகனத்திலிருந்து தப்பும் திறனைச் சிறு பறவைகளிடம் சோதித்தபோது, மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் அவை தோற்றுப்போயின. கொன்றுண்ணும் விலங்கின் வேகத்துக்குப் பழகிய மூளை அது. நம் எந்திரங்களின் வேகம் அதன் கணக்கில் இல்லை. மேலும், இரவில் வலசை போகும் பறவைகளை வெளிச்சம் ஈர்க்கவும் செய்யும். நியூயார்க்கில் ஆண்டுதோறும் செப்டம்பர் 11 அன்று வானை நோக்கி எழுப்பப்படும் நினைவு ஒளித்தூண்களை ஆராய்ந்தவர்கள், ஏழு இரவுகளில் மட்டும் சுமார் 11 லட்சம் பறவைகள் அவற்றால் திசைமாறியதாக 2017இல் வெளியிட்டனர்.

ஆகவே, நான் வந்து சேரும் முடிவு இது: பறவைகளைப் பற்றிய எச்சரிக்கை, இரவில் விமானியின் கண்ணிலிருந்து வர முடியாது, தரையிலிருந்து, கிளம்பும் முன்பே வர வேண்டும். இது கற்பனை அல்ல. அமெரிக்க விமானப் படை, வானிலை ராடார் தரவுகளைக் கொண்டு தன் விமானிகளுக்குப் பறவை அபாய அறிவிப்பு தருகிறது. ஐரோப்பாவில் ‘பேர்ட்டாம்’ என்ற பெயரில் ராணுவ விமானிகளுக்கு இத்தகைய அறிவிப்புகள் வெளியாகின்றன. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் அதன் கூட்டாளிகளும் நடத்தும் ‘பேர்ட்காஸ்ட்’ திட்டம், இன்றிரவு எந்தப் பகுதியில் எவ்வளவு பறவைகள் பறக்கும் என்பதை வானிலை முன்னறிவிப்பைப் போலவே பொதுமக்களுக்குச் சொல்கிறது. பறவை ஆர்வலருக்காக உருவான அந்த வரைபடத்தைப் பயிற்றுநர் ஒருவர் மாலையில் பார்த்துவிட்டு, இன்று வேண்டாம், அல்லது நள்ளிரவுக்குப் பின் போகலாம், அல்லது ஏழாயிரம் அடிக்கு மேலே போகலாம் என்று முடிவெடுக்கலாம். வலசைக் காலம் ஆண்டில் சில மாதங்கள்தான். அதிலும் பெருந்திரள் பறப்பது சில இரவுகளில்தான். அந்தச் சில இரவுகளைத் தவிர்ப்பதால் எந்த மாணவரின் பயிற்சியும் கெட்டுவிடாது.

இந்தியாவில் நாம் பறவை மோதலைப் பெரும்பாலும் குப்பைப் பிரச்சினையாகவே அணுகிவந்திருக்கிறோம். விமான நிலையத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் விலங்குகளை அறுக்கவோ கழிவுகளைக் கொட்டவோ கூடாது என்று 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 91ஆவது விதி தடுக்கிறது. கழிவைத் தேடி வரும் கரும்பருந்துக்கு அது சரியான மருந்து. முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டால் இன்னும் நல்லது. ஆனால், மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டிக் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துக்கும் குப்பைமேட்டுக்கும் தொடர்பில்லை. இமயத்தைக் கடக்கவே அவை இரவையும் அதிகாலையையும் தேர்ந்தெடுக்கின்றன என்று செயற்கைக்கோள் கருவிகள் பொருத்தி அறிந்துள்ளனர். நம் ஊரில் இரவு வானத்துக்கு இன்னொரு குடிமகனும் உண்டு: பழந்தின்னி வௌவால். ஒரு கிலோவுக்கு மேல் எடை வரக்கூடிய இது, அந்தி சாய்ந்ததும் ஆயிரக்கணக்கில் கிளம்பும். ஆஸ்திரேலியாவில் விமானங்களோடு அடிக்கடி மோதும் உயிரினங்களின் வரிசையில் இதன் இனத்தவை முன்னணியில் இருக்கின்றன.

நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற விரும்பும் மாணவர் குறைந்தது ஐந்து மணி நேரம் இரவில் பறந்திருக்க வேண்டும். பத்து முறை எழும்பி, பத்து முறை இறங்கியிருக்க வேண்டும். அதை அவர்கள் செய்வது மேலே சொன்ன, பறவை விதி எதுவும் இல்லாத சிறு விமானங்களில்தான். இவர்களுக்கு உதவக்கூடிய கருவிகள் நம்மிடம் இல்லாமலும் இல்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் டாப்ளர் ராடார் சென்னையில் 2002 முதல் இருக்கிறது, காரைக்காலிலும் இருக்கிறது. காரைக்காலுக்குத் தெற்கே, வலசைப் பறவைகள் பெருந்திரளாக வந்திறங்கும் கோடியக்கரையில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. புயலைப் பார்க்கும் ராடாரின் தரவும், எந்தப் பறவை எந்த வாரத்தில் வரும் என்பதை அறிந்தவர்களின் பதிவேடும் ஒரே மேசையில் வைக்கப்பட்டால், செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலாவது விமானப் பயிற்சி மையங்களுக்கு ஓர் எளிய இரவு அறிவிப்பைத் தர முடியும். இதற்குப் புதிய ராடார் வேண்டாம். வானிலைத் துறை, விமானப் போக்குவரத்து இயக்குநரகம், பறவையியலாளர்கள் ஆகிய மூவரும் பேசிக்கொண்டால் போதும். நம் நாட்டில் பெரும்பாலும் அதுதான் புதிய ராடாரைவிடக் கடினம் என்பதையும் அறிவேன்.

இன்னொன்றை விமானிகளே செய்யலாம். இரவில் நிகழும் மோதல்கள் பல, விமானிக்குத் தெரியாமலே போகின்றன. இறக்கையில் ஏதோ தட்டியதுபோல் ஓர் ஓசை, அவ்வளவுதான். காலையில் வந்து பார்க்கும் பணியாளர் இறக்கையின் முன்விளிம்பில் உலர்ந்த கறையைக் காண்பார். துடைத்துவிடுவார். 1960இல் பாஸ்டன் விமான நிலையத்திலிருந்து எழும்பிய எலெக்ட்ரா விமானம் விழுந்து 62 பேர் இறந்தபோது, எந்திரங்களில் சிக்கியிருந்த இறகுத் துணுக்குகளைக் கொண்டு அவை ஸ்டார்லிங் என்னும் மைனா இனப் பறவைகள் என்று கண்டறிந்தவர் ஸ்மித்சோனியனைச் சேர்ந்த ராக்ஸி லேபோர்ன் அம்மையார். இறகை வைத்து விபத்தை ஆராயும் துறையே அவர் கையில்தான் பிறந்தது. மின்னசோட்டா விபத்தின் விடையும் அந்த ஆய்வகத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. ஒரு சிறு விமானத்தின் இறக்கையில் கறையைக் காண்பவர், ஈரத்துணியை எடுக்கும் முன் அதை ஒரு காகிதத் துண்டில் ஒற்றியெடுத்து, நாள், நேரம், உயரம் மூன்றையும் எழுதி உறையில் இட்டு வைத்தால், அந்த இரவில் எந்தப் பறவை எந்த உயரத்தில் பறந்தது என்பதற்கு ஒரு சான்று கிடைக்கும். துடைத்த பிறகு யாராலும் அதைச் சொல்ல முடியாது.